பாஸ் மார்க் முப்பது

“வெயில் யாருதும்மா?”

மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவர்கள் குடியிருந்த ஒற்றை அறைக்குள் காலை எட்டரை மணிக்கு ஒரு துண்டு வெயில் வரும். ஒரு பாய் அகலம்தான் இருக்கும். கதவு வழியாக நுழைந்து, தண்ணீர்க் குடத்தைத் தொட்டுவிட்டு, அரை மணி நேரத்தில் எதிர்வீட்டுச் சுவருக்குப் பின்னால் போய்விடும். குளித்துவிட்டு அந்த இடத்தில் உட்கார மகளுக்கும் மகனுக்கும் தினமும் சண்டை. அந்தச் சண்டையின் நடுவில்தான் மகள் கேட்டாள். அம்மாவுக்கு வேலைக்குப் போகிற அவசரம். சீப்பைத் தலையில் செருகியபடியே, “யார் முதல்ல உக்காருறாங்களோ அவங்களுக்கு” என்றாள்.

மறுநாள் மகள் ஏழு மணிக்கே போய், வெயில் இன்னும் வந்திராத அந்த வெறும் தரையில் குந்திக்கொண்டாள். அதைச் சொல்லிச் சொல்லி அம்மா பல நாள் சிரித்திருக்கிறாள். அந்தப் பதிலைத் தானே நம்பிவிட்டோம் என்பது அவளுக்குத் தெரிய ஒன்பது வருடம் ஆயிற்று.

வேலை செய்யும் இடத்தில் அவளுக்குக் காலர் அக்கா என்று பெயர். பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறை. சட்டைக்குக் காலர் தைப்பது அவள் வேலை. இரண்டாவது மாடியில் நீளமான ஒரு கூடம், இருபத்திரண்டு மெஷின்கள், பகலிலும் எரியும் டியூப்லைட்டுகள். ஜன்னல்கள் ஆறு உண்டு. ஐந்து ஜன்னல்களைத் துணி மூட்டைகள் உத்தரம் வரைக்கும் மறைத்திருந்தன. ஆறாவது மட்டும் தப்பித்திருந்தது. அதன் கீழே ஒரு மெஷின். பதினோரு மணிக்கு அந்த மெஷின் மேல் வெயில் விழும்போது, கூடத்தில் இருக்கிற எல்லோரும் ஒருமுறையாவது நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அங்கே உட்கார்ந்திருந்த அம்மாள் வயதாகி வேலையை விடப்போகிறார் என்பது தெரிந்த நாளிலிருந்து, அந்த இடம் காலர் அக்காவுக்குத்தான் என்று பேச்சு. பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவள். முதலாளியம்மாவும், “பார்க்கலாம், உனக்குத்தானே தரணும்” என்று சொல்லியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் சுவரில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். வேலை செய்கிறவர்கள் இடுப்பு வலி, கால் வலி, அசதி என்று அடிக்கடி லீவு போடுவதால், அடுத்த மாதம் எல்லோருக்கும் வைட்டமின் டி குறைபாடு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை. கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இஸ்திரி போடுகிற அண்ணன்தான் காகிதத்தைப் படித்து விளக்கம் சொன்னார். அவருக்கு எதற்கும் விளக்கம் உண்டு.

“முப்பதுக்கு மேல வந்தா பாஸ். இருபதுக்குக் கீழ போனா அரியர்.”

“அரியர் வந்தா மறுபடி எழுதணுமாண்ணே?”

“எழுத வேணாம்மா. வீட்ல உக்காந்து படிக்கணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். காலர் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் கண் பரிசோதனை என்று வைத்து, எழுத்து தெரியவில்லை என்று சொன்ன இரண்டு பேரை மறுநாளே வீட்டுக்கு அனுப்பியதை அவள் பார்த்திருக்கிறாள். அவளுக்கோ ஒரு வருடமாக முழங்கால் பிடித்துக்கொள்கிறது. படி ஏறும்போது யாரும் பின்னால் வராமல் பார்த்துக்கொண்டுதான் ஏறுவாள்.

அவள் பக்கத்து மெஷின்காரிக்குப் புதுசு என்று பெயர். வேலைக்கு வந்து எட்டு மாதமாகியும் பெயர் பழசாகவில்லை. ஒரு வயதுக் குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்து பட்டன் மெஷினில் உட்காருவாள். காலர், கை, பாக்கெட் என்று எல்லோரிடமிருந்தும் முடிந்து வருகிற சட்டைகள் கடைசியில் அவளிடம்தான் வந்து குவியும். அதிர்ந்து பேசாத பெண்.

“என்னக்கா, முகமே சரியில்ல?”

காலர் அக்கா குரலைத் தாழ்த்தினாள். “எனக்கு இந்தப் பரீட்சையில தேறாதும்மா. முட்டி ரெண்டும் கெஞ்சுது. ரத்தத்துல ஒண்ணுமே இருக்காது.”

புதுசு கொஞ்சம் யோசித்தாள். பிறகு சாப்பாட்டுப் பைக்குள் கைவிட்டு ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்தாள். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு எலும்பெல்லாம் வலிக்கிறதென்று போனபோது, ரத்தத்தில் வைட்டமின் மிகவும் குறைந்திருக்கிறதென்று டாக்டர் கொடுத்த மாத்திரை. வாரம் ஒன்று வீதம் எட்டு.

“நாலு போட்டாச்சுக்கா. இப்ப கொஞ்சம் தெம்பாத்தான் இருக்கு. மிச்சம் நாலு இருக்கு. பரிசோதனைக்கும் நாலு வாரம்தானே இருக்கு? நீங்க போட்டுக்கோங்க.”

“உனக்கு?”

“நான் சின்னவதானேக்கா. அப்புறமா வாங்கிக்கலாம்.”

ஒருவருக்கு எழுதிக் கொடுத்த மருந்தை இன்னொருவர் சாப்பிடக் கூடாது என்பது இருவருக்கும் தோன்றவில்லை. பரீட்சைக்குப் போகிறவளுக்குப் பேனா கொடுப்பது போல ஒருத்தி கொடுத்தாள். இன்னொருத்தி வாங்கிக்கொண்டாள். நாலு ஞாயிற்றுக்கிழமை, பாலோடு ஒவ்வொன்றாக விழுங்கினாள்.

பரிசோதனை நாளன்று நர்ஸ் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்தார். காலர் அக்கா முதல் ஆளாகப் போய்க் கையை நீட்டினாள்.

“ராத்திரியிலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கல சிஸ்டர்.”

“ஐயோ, இதுக்கு வெறும் வயிறு வேணாமேம்மா. யாரு சொன்னா உங்களுக்கு?”

இஸ்திரி அண்ணன் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?” என்று கேட்டார் நர்ஸ்.

“இல்ல” என்றாள் காலர் அக்கா. ஊசி குத்தியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

ஐந்து நாளில் முடிவு வந்தது. உறையைப் பிரித்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒருவர் தாளை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். காலர் அக்காவுக்கு முப்பத்தி நாலு. இருபத்திரண்டு பேரில் அதுதான் முதல் மார்க்.

“அடேங்கப்பா! எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்தே இத்தனை வைட்டமினை?” என்றார் இஸ்திரி அண்ணன்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷம் சரியாகப் பத்து நிமிடம் இருந்தது.

முதலாளியம்மா கூடத்துக்கு வந்தார். யாரையும் வீட்டுக்கு அனுப்புகிற பேச்சே இல்லை. இருபதுக்குக் கீழே உள்ள ஆறு பேருக்கும் இனி பட்டறைச் செலவில் மாத்திரை, தினமும் ஒரு டம்ளர் பால். பதினோரு மணி டீ இடைவேளையோடு கூடப் பத்து நிமிடம் சேர்த்து, மொட்டை மாடியில் வெயிலில் உட்கார அனுமதி. எல்லோரையும்விடக் குறைவாகப் பதினைந்து வாங்கியவள் புதுசு.

“பச்சைப்புள்ளைக்காரி. இப்படி இருந்தா எப்படிம்மா? பட்டன் மெஷினைத் தூக்கி, அந்தப் பெரியம்மா விட்டுட்டுப் போன ஜன்னல் கிட்டப் போடுங்க. கொஞ்சம் வெயில் படட்டும்.”

கட்டிங் மாஸ்டரும் இஸ்திரி அண்ணனும் மெஷினை நகர்த்திக்கொண்டு போனார்கள். இரும்புக் கால் தரையில் தேய்ந்த சத்தம் காலர் அக்காவின் பல்லுக்குள் கூசியது.

அன்றிலிருந்து அவளுக்கு வயிற்றெரிச்சல். வேறு நல்ல வார்த்தை அதற்கு இல்லை. பத்தே முக்காலுக்குப் பால் டம்ளர் புதுசுவின் மெஷினுக்குப் போகும்போது, காலர் அக்காவின் கண்ணும் கூடவே போகும். பால் அவளுக்குப் பிடிக்காது. ஆனாலும் அந்த டம்ளர் ஆறு பேரைத் தேடிப் போய்விட்டுத் தன்னைத் தாண்டிப் போவது பொறுக்கவில்லை. புதுசு மாடியிலிருந்து வந்து உட்கார்ந்ததும் ஜன்னல் வெயில் அவள் கழுத்தில் விழும். கழுத்தோரத்து முடியெல்லாம் செம்பட்டையாக மின்னும். ‘எட்டு மாசத்துக்காரிக்கு ஜன்னல். பன்னிரண்டு வருஷத்துக்காரிக்குச் சுவர். நோயாளியா இருந்தாத்தான் இங்க மதிப்பு’ என்று நினைத்துக்கொள்வாள். தானும் பதினைந்து வாங்க வேண்டியவள்தான், நன்றாக நடந்திருக்க வேண்டியதைக் கெடுத்தது அந்த நாலு மாத்திரைதான் என்றுகூட ஒரு நாள் தோன்றியது. கொடுத்தவள் மேலேயே கோபம் வந்தது. தெரிந்தே கொடுத்திருப்பாளோ? மனம் ஒருமுறை கோணிக்கொண்டால் எவ்வளவு தூரத்துக்கும் போகிறது.

அவள் கடவுளுக்குப் பயந்தவள். காலையில் வேலைக்குக் கிளம்பி, கதவைப் பூட்டும் முன்னால் ஒரு நிமிடம் கண்ணை மூடி நிற்பாள். வீட்டுக்காரர், பிள்ளைகள், மாடி வீட்டுக்காரர்கள், பட்டறை ஆட்கள் என்று வரிசையாக எல்லோருக்கும் நல்லது கேட்பாள். அந்த வாரம் அந்த வரிசையில் ஒருத்தியைத் தாண்டிப் போனாள். தாண்டியது தெரிந்தும் திரும்பி வரவில்லை.

புதுசுவுக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு நாள் அவளே தன் பாலைக் கொண்டுவந்து, “பாதி குடிங்கக்கா, உங்களுக்கும் கால் வலிக்குதே” என்றாள்.

“எனக்கென்னம்மா, நான் முப்பத்தி நாலாச்சே” என்றாள் காலர் அக்கா. ஊசி மாதிரிச் சொன்னாள். புதுசு சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அந்தச் சிரிப்பு இன்னும் எரிந்தது.

அன்று மதியம் காலர் அக்கா முதலாளியம்மாவின் அறைக்குப் போனாள்.

“நான் சொன்னேன்னு வேணாம்மா. அந்தப் பொண்ணுக்கு முன்னாடியே டாக்டர் எட்டு மாத்திரை கொடுத்திருக்கார். எட்டையும் ஒழுங்காப் போட்டிருந்தா இவ்வளவு குறைவா வருமா? நாம இங்க பால் ஊத்துறோம், மெஷினைத் தூக்கி வைக்கிறோம்…”

அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. நாலு மாத்திரை போன இடம் மட்டும் விட்டுப்போயிருந்தது.

முதலாளியம்மா முன்கோபக்காரர். நேரே கூடத்துக்கு வந்து எல்லோர் முன்னாலும் கேட்டார்.

“உனக்கு ஏற்கனவே எட்டு மாத்திரை கொடுத்தாங்களாமே? எங்க?”

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. புதுசு நிமிர்ந்து ஒரு கணம் காலர் அக்காவைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

“நாலு போட்டேன்ம்மா. மிச்சம்… தொலைஞ்சுபோச்சு.”

“தொலைஞ்சுபோச்சா? மாத்திரை என்ன பட்டனா, கொட்டி உருண்டு போறதுக்கு? உன் உடம்பைப் பார்த்துக்க உனக்கே அக்கறை இல்லாதப்ப, ஊர் எதுக்குப் பார்க்கணும்? மெஷினைப் பழைய இடத்துக்கே நகர்த்து. மாடிக்குப் போறதெல்லாம் குவிஞ்சு கிடக்கிற சட்டையை முடிச்சப்புறம்தான்.” போகிற போக்கில் திரும்பினார். “காலரு, நீ போய் ஜன்னல்ல உக்காரு.”

மறுபடியும் இரும்புக் கால் தேய்ந்தது. “வைட்டமின் ஏறினது இந்த மெஷினுக்குத்தான். ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது” என்று முனகினார் இஸ்திரி அண்ணன்.

மறுநாள் பதினோரு மணிக்கு வெயில் வந்தது. டீக்குக்கூட எழாமல் அவள் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருடமாகத் தூரத்திலிருந்து பார்த்த வெயில். இப்போது அவள் கை மேலேயே விழுந்தது. ஊசி பளபளத்தது. காலரின் வெள்ளைத் துணி கண்ணைப் பறித்தது. அவள் தைத்த முதல் காலர் கோணிக்கொண்டது. பிரித்துத் தைத்தாள். மறுபடியும் கோணியது. பன்னிரண்டு வருடத்தில் அவள் ஒரே காலரை இரண்டு முறை பிரித்ததில்லை.

திரும்பிப் பார்த்தாள். சுவரோரத்தில், சட்டைக் குவியலுக்குப் பின்னால் புதுசுவின் தலை மட்டும் தெரிந்தது. மற்ற ஐந்து பேரும் மாடிக்குப் போய்விட்டார்கள். புதுசு விரல்களை மடக்கி மடக்கி விரித்துவிட்டு, அடுத்த சட்டையை இழுத்தாள்.

வெறும் தரையில் முன்கூட்டியே போய்க் குந்திக்கொண்டிருந்த மகளின் முகம் காலர் அக்காவுக்கு நினைவுக்கு வந்தது. இத்தனை நாள் சிரிப்பாகத் தெரிந்த முகம். அன்று தம்பி குளிரில் நடுங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தான் என்பதும் இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அடுத்த வாரம் மாத்திரை கொடுக்க நர்ஸ் வந்தபோது, காலர் அக்கா வரிசையில் கடைசியாகப் போய் நின்றாள்.

“நீங்க லிஸ்ட்ல இல்லையேம்மா?”

“இருக்க வேண்டியவதான் சிஸ்டர்.” மேசை அருகே நகர்ந்தாள். “பரிசோதனைக்கு முன்னாடி நாலு வாரம் மாத்திரை போட்டுட்டு வந்தேன். அந்தப் பொண்ணோட மாத்திரை. அவ தொலைக்கல. எனக்குக் கொடுத்தா. அவளுக்குக் கொடுத்த ஜன்னல் இடத்தையும் நானே பிடுங்கிக்கிட்டேன்.”

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தார். சிரிப்பதா திட்டுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்தார்.

“ரத்தப் பரிசோதனைக்குப் படிச்சிட்டு வந்த முதல் ஆளு நீங்கதாம்மா! அடுத்தவங்க மருந்தைத் தொடலாமா? உங்களுக்குக் குறையுதான்னு கண்டுபிடிக்கத்தானே பரிசோதனையே? உடம்பு நம்மகிட்ட உண்மையைச் சொல்ல வருது, நீங்க அது வாயைப் பொத்திட்டீங்க.” பிறகு ஜன்னலைக் காட்டிக் கேட்டார். “இவ்வளவும் அந்த இடத்துக்கா? கண்ணாடி வழியா வர்ற வெயில்ல வைட்டமின் ஒண்ணும் கிடைக்காதும்மா. வெட்டவெளியில உக்காந்தாத்தான். அது சும்மா வெளிச்சம்.”

சும்மா வெளிச்சம். அதற்காக எரிந்த எரிச்சலை நினைத்தபோது காலர் அக்காவுக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது.

முதலாளியம்மாவிடமும் போய்ச் சொன்னாள். அவர் வழக்கம்போல முதலில் சத்தம் போட்டார். பிறகு, “வாயைத் திறந்து சொன்னியே, அதுவரைக்கும் சரி. அவளை மாடிக்குப் போகச் சொல்லு. ஜன்னலையும் அவளுக்கே விட்டுடு” என்றார்.

ஆனால் புதுசு மெஷினை நகர்த்த விடவில்லை. “அய்யோ வேணாம்க்கா. அங்க உக்காந்தா கண்ணு கூசுது. பெரியவங்க சொன்னாங்களேன்னுதான் உக்காந்திருந்தேன்.”

காலர் அக்கா அவள் பக்கத்திலேயே நின்றாள்.

“முதலாளியம்மாகிட்ட முதல்ல போய்ச் சொன்னது…”

“தெரியும்க்கா.” புதுசு நூலைப் பல்லால் கடித்தாள். “எட்டுன்னு கணக்கு உங்களுக்கு மட்டும்தானே தெரியும்.”

“தெரிஞ்சுமா தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னே?”

“கொடுத்தேன்னு சொன்னா எல்லார் முன்னாடியும் உங்களைக் கேப்பாங்க. நீங்க வயசுல பெரியவங்க. எனக்கென்ன, ரெண்டு திட்டு. வீட்ல எங்க அம்மா இதைவிட நல்லாத் திட்டும்.”

அவள் அடுத்த சட்டையை எடுத்தாள். மன்னித்துவிடு என்று சொன்னால், அந்த வார்த்தையையும் சுமக்க வேண்டியவள் புதுசுதான் என்று காலர் அக்காவுக்குத் தோன்றியது.

மறுநாள் காலை கதவைப் பூட்டும் முன் கண்ணை மூடியபோது, விட்டுப்போன பெயரைத்தான் முதலில் சொன்னாள்.

அன்று பதினோரு மணிக்குப் புதுசு மாடிக்குப் போனாள். ஐந்தே நிமிடத்தில் இறங்கி வந்துவிட்டாள். எல்லோருடைய சட்டைகளும் கடைசியில் அவள் மெஷினில்தானே வந்து நிற்கின்றன? மாடியில் உட்கார்ந்தாலும் அவளுக்கு மனசெல்லாம் கீழே குவிகிற சட்டையில்தான். இரண்டாம் நாளும் அப்படியே. மருந்து வந்தது, அனுமதி வந்தது, வெயிலும் இருந்தது. உட்காரத்தான் அவளுக்கு வழியில்லை.

மூன்றாம் நாள் மணி அடித்ததும் லிஸ்ட்டில் இருந்தவர்கள் மேலே போனார்கள். மற்றவர்கள் டீ குடிக்கக் கீழே இறங்கினார்கள். முதலாளியம்மா அந்த நேரத்தில் எப்போதும் துணிக்கடைக்குப் போயிருப்பார். புதுசு தயங்கித் தயங்கி எழுந்தாள்.

“நீ போம்மா. அவசரப்பட்டு வராதே. நான் முட்டி வலிக்குதுன்னு இங்கயே உக்காந்திருக்கேன்” என்றாள் காலர் அக்கா. படிக்கட்டில் காலடிச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

பிறகு போய்ப் பட்டன் மெஷினில் உட்கார்ந்தாள். பட்டறைக்கு வந்த புதிதில் இரண்டு வருடம் அவள் வேலை செய்த மெஷின்தான் அது. கால் மறக்கவில்லை. ஒரு சட்டைக்கு ஏழு பட்டன். முழங்கால் ஒவ்வொரு மிதிக்கும் முனகியது. எட்டு சட்டை முடித்து, புதுசு மடிக்கிற மாதிரியே இடது கையை மேலே விட்டு மடித்து, அவளுடைய முடிந்த அடுக்கின் நடுவில் செருகினாள். மேலே வைத்தால் தெரிந்துவிடும்.

அதன் பிறகு அது தினசரி வேலையாயிற்று. மூன்று வாரம் கழித்து ஒரு நாள் புதுசு முகமெல்லாம் வெயிலாகக் கீழே வந்தாள்.

“அக்கா, ஒரு விஷயம் கேளுங்க. இப்பெல்லாம் என் கை என்னமா ஓடுது தெரியுமா? முன்னாடி மதியத்துக்குள்ள முடியாத சட்டை, இப்ப தன்னால முடிஞ்சிடுது. குவியலே நிக்கல. வைட்டமின்னா இவ்வளவு வேலை செய்யுமாக்கா?”

“பின்னே?” என்றாள் காலர் அக்கா, நூலைக் கோர்த்தபடி. “வெயில்னா சும்மாவா?”

“அப்ப முழு நேரமும் உக்காந்துட்டே வர்றேன்.”

“அதான் சொன்னேனே, அவசரப்படாதேன்னு.”

“நீங்களும் வரலாமேக்கா. உங்களுக்கும் மறுபடி பரிசோதனை இருக்கே, அடுத்த மாசம்?”

“இந்தத் தடவை படிக்காமலே எழுதப்போறேன்.”

இஸ்திரி அண்ணன் அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் போட்டுச் சிரித்தார்.

மறுநாள் பதினோரு மணிக்கு மணி அடித்தது. நாற்காலிகள் நகர்ந்தன. படிக்கட்டில் மேலேயும் கீழேயும் கால்கள் ஓடின. கூடம் காலியாயிற்று. ஆறாவது ஜன்னலின் வெயில் யாரும் இல்லாத காலர் மெஷின் மேல் விழுந்து கிடந்தது. சுவரோரத்து இருட்டில் காலர் அக்கா முழங்காலை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டு, முதல் சட்டையை எடுத்து, முதல் பட்டனை வைத்து, மிதித்தாள்.